மௌனம் சம்மதமா? உறுப்பினராகாத ஆசிரியரின் கட்டணமும் சங்கத்தின் தேர்தல் செலவும்

கேள்வி: நான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பொதுப் பள்ளியில் 2004 முதல் கணித ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஆசிரியர் சங்கத்தில் நான் சேரவில்லை. ஆயினும் 2018 கோடை வரை மாதந்தோறும் என் சம்பளத்தில் சங்கத்துக்கென ஒரு தொகை பிடிக்கப்பட்டது. அது கட்டாயக் கட்டணம் என்றார்கள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆண்டுக்கு இருமுறை சங்கத்திலிருந்து தடித்த உறை ஒன்று வரும். ஏதோ கணக்கு விவரம் என்று நினைத்துப் பிரிக்காமலே வைத்துவிடுவேன். அந்தப் பணத்தில் ஒரு பகுதி தேர்தல் வேட்பாளர்களுக்குப் போயிருக்கும் என்று சக ஆசிரியர் ஒருவர் அண்மையில் சொன்னதிலிருந்து மனம் ஆறவில்லை. தமிழ்நாட்டில் ஆசிரியராக இருந்த என் தந்தை, தாமே விரும்பிச் சந்தா கட்டி ரசீது வாங்கிவந்த சங்கத்தைத்தான் எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் என் பணத்தை அரசியலுக்குச் செலவிட முடியுமா? அதைத் திரும்பப் பெற வழி உண்டா? இப்போது சங்கத்தில் சேரும்படி படிவம் தந்திருக்கிறார்கள். கையெழுத்திட்டால் மீண்டும் அதே நிலைதானா? சேராமல் இருந்துகொண்டு, சங்கம் பேசிப் பெற்ற ஊதிய உயர்வை வாங்குவது நியாயமா என்ற உறுத்தலும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் விடை, நீங்கள் பிரிக்காமல் வைத்த அந்த உறையிலிருந்துதான் தொடங்குகிறது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த உறைக்கு நீங்கள் பதில் அனுப்பாததையே உங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளச் சட்டம் அப்போது இடம் கொடுத்திருந்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அது ஒருவருடைய சம்பளப் பணத்துக்கும் பொருந்துமா என்ற ஒரே கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதித்திருக்கின்றன.

அந்தக் கட்டணம் எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒரே பள்ளியில் மூன்று நான்கு சங்கங்களின் ஆசிரியர்கள் பணிபுரிவது வழக்கம். அமெரிக்காவில் கூட்டுப்பேரம் அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் அப்படியில்லை. ஒரு பள்ளி மாவட்டத்தின் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுத்த ஒரே சங்கம்தான், உறுப்பினர், உறுப்பினரல்லாதவர் என்ற வேறுபாடின்றி, எல்லாருக்கும் சேர்த்து ஊதியமும் வேலை நேரமும் பேசி ஒப்பந்தம் செய்கிறது. எல்லாருக்காகவும் பேசும் கடமை உள்ள சங்கம், அந்தச் செலவை எல்லாரிடமும் வாங்கலாம் என்ற வாதத்திலிருந்து பிறந்ததுதான் நீங்கள் கட்டிய கட்டணம். ஏஜென்சி கட்டணம் என்று அதற்குப் பெயர். வாஷிங்டன் மாநிலத்தில் அந்தத் தொகை உறுப்பினர் கட்டும் முழுச் சந்தாவுக்குச் சமமாகவே இருந்தது.

பேரம் பேசும் செலவைப் பகிர்வது வேறு, ஒருவர் விரும்பாத வேட்பாளருக்கு அவர் பணத்தில் உதவுவது வேறு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. டெட்ராய்ட் நகர ஆசிரியர்கள் தொடுத்த அபூட் வழக்கில் 1977இல் அது கோட்டைக் கிழித்தது: ஒப்பந்தம் பேசுவது, அதை நடைமுறைப்படுத்துவது, ஆசிரியரின் குறைகளைத் தீர்த்துவைப்பது ஆகியவற்றுக்கான பங்கை உறுப்பினரல்லாதவரிடம் கட்டாயமாக வாங்கலாம், ஆனால் பேரத்தோடு தொடர்பில்லாத அரசியல், கொள்கைப் பிரசாரங்களுக்கு, ஆட்சேபிப்பவரின் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது. இதில் ‘ஆட்சேபிப்பவர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 1961இல் ரயில்வே தொழிலாளர் வழக்கொன்றில், எதிர்ப்பு இருக்கும் என்று யாரும் ஊகித்துக்கொள்ளக் கூடாது, எதிர்ப்பவரே அதை வெளிப்படச் சொல்ல வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. வாய் திறக்காதவர் ஒப்புக்கொண்டவர் என்ற நிலை அங்கிருந்து தொடர்ந்து வந்தது.

உங்கள் உறை 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து வந்தது. சிகாகோ ஆசிரியர் சங்கத்துக்கு எதிரான ஹட்சன் வழக்கில், கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைச் சங்கம் போதிய அளவில் விளக்க வேண்டும், அதை மறுப்பவருக்கு நடுநிலையான ஒருவர்முன் விரைவில் முறையிட வாய்ப்புத் தர வேண்டும், தகராறில் உள்ள தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. வாஷிங்டன் ஆசிரியர் சங்கம் இதன்படி ஆண்டுக்கு இருமுறை உறுப்பினரல்லாத எல்லாருக்கும் அந்தத் தாள்கட்டை உறையிலிட்டு அனுப்பியது. அதைப் பெற்றவர் 30 நாட்களுக்குள் ஆட்சேபித்தால், பேரத்தோடு தொடர்பில்லாத செலவின் பங்கு அவருக்குத் திருப்பித் தரப்படும். கணக்கே தவறு என்று கருதினால் நடுவரிடம் செல்லலாம். ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டால் முழுக் கட்டணமும் சங்கத்துக்கே சேரும்.

தொழிலாளர் சட்டத்தில் பணிபுரியும் நான் அத்தகைய தாள்கட்டுகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். தணிக்கைக் குறிப்புகளும் செலவுத் தலைப்புகளும் நிறைந்த பக்கங்களைப் பயிற்சி உள்ளவர்களே நின்று நிதானித்துத்தான் படிக்க முடியும். எது பேரச் செலவு, எது அரசியல் செலவு என்று பிரிப்பதும் எளிதன்று. மிச்சிகனில் ஒரு கல்லூரி ஆசிரியர் சங்கம் பற்றிய 1991ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இனம் இனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தம் செய்த செலவை எல்லாரிடமும் வாங்கலாம் என்றது. பொதுக் கல்விக்குக் கூடுதல் நிதி கேட்டுச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டிய செலவை ஆட்சேபிப்பவரிடம் வாங்கக் கூடாது என்றது. நாள் முழுதும் வகுப்பெடுத்து விடைத்தாள் திருத்திவிட்டு வரும் ஓர் ஆசிரியை அந்த உறையைப் பிரிக்காமல் வைத்ததை, ஆராய்ந்து தந்த ஒப்புதலாகக் கொண்டது நியாயமன்று என்பதே என் உறுதியான கருத்து.

வாஷிங்டன் மாநில வாக்காளர்களும் ஓரளவு அப்படித்தான் நினைத்தார்கள். 1992இல் மக்களே முன்மொழிந்து வாக்களித்து நிறைவேற்றிய 134ஆம் எண் சட்டத்தின் ஒரு பிரிவு, உறுப்பினரல்லாதவரின் கட்டணத்தைத் தேர்தலில் செல்வாக்குச் செலுத்தவோ அரசியல் குழு நடத்தவோ பயன்படுத்த வேண்டுமானால் அவர் தாமாக முன்வந்து அனுமதி தந்திருக்க வேண்டும் என்றது. அதாவது ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுமையை ஆசிரியரிடமிருந்து எடுத்து, ‘சரி’ என்ற சொல்லைக் கேட்டுப் பெறும் சுமையைச் சங்கத்தின்மேல் வைத்தது. இது தேர்தல் செலவுக்கு மட்டுமே பொருந்தியது. சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவது போன்ற பிற அரசியல் பணிகளுக்குப் பழைய உறை முறையே தொடர்ந்தது. சக ஆசிரியர் சொன்னதை எடைபோடும்போது இந்த வேறுபாடு உங்களுக்குத் தேவைப்படும்.

இந்தப் பிரிவை மீறியதாக 2000இல் மாநில அரசே வாஷிங்டன் ஆசிரியர் சங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தது. உறுப்பினரல்லாத ஆசிரியர்கள் சிலரும் தனியே வழக்குத் தொடுத்தார்கள். அப்போது சங்கம் ஏறத்தாழ 70,000 கல்வித்துறைப் பணியாளர்களின் சார்பில் பேரம் பேசிவந்தது. உறுப்பினர் சந்தாவும் மற்றவர் கட்டணமும் ஒரே பொது நிதியில் சேர்ந்தன, அந்த நிதியிலிருந்தே தேர்தல் செலவும் செய்யப்பட்டது என்பதுதான் வழக்கின் சிக்கல். விசாரணை நீதிமன்றம் சங்கம் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் மாநில உச்ச நீதிமன்றம் 2006இல் நேர்மாறாக, ஒவ்வொருவரிடமும் அனுமதி பெறச் சொல்வது சங்கத்தின் கருத்துரிமைக்குப் பெருஞ்சுமை, எனவே அந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்றது.

டேவன்போர்ட் வழக்கு என்று வழங்கும் அந்த மேல்முறையீட்டில், 2007 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அன்டோனின் ஸ்காலியா. அரசு ஊழியர்மீது கிட்டத்தட்ட வரி விதிப்பதற்கு ஒப்பான அதிகாரத்தை ஒரு தனியார் அமைப்புக்கு அரசு கொடுத்திருப்பதே வழக்கத்துக்கு மாறானது என்று அவர் தொடங்கினார். அந்தக் கட்டணத்தை முற்றிலும் ஒழிக்கவே மாநிலத்துக்கு உரிமை இருக்கும்போது, தேர்தலுக்குச் செலவிடுமுன் அனுமதி கேள் என்ற சிறிய நிபந்தனையை விதிக்க உரிமை இல்லாமற்போகுமா என்பதே வாதத்தின் சாரம். முந்தைய தீர்ப்புகள் ஆசிரியருக்கு இருக்க வேண்டிய குறைந்த அளவுப் பாதுகாப்பைச் சொன்னவை. அதற்குமேல் ஒரு மாநிலம் பாதுகாப்புத் தரக் கூடாது என்று அவை சொல்லவில்லை. இந்தத் தீர்ப்பு எல்லா மாநிலச் சங்கங்களும் அனுமதி பெற்றே தீர வேண்டும் என்று கூறியதாகப் பலர் சொல்லக் கேட்கிறேன், அது தவறு. ஒரு மாநிலம் விரும்பினால் அப்படிக் கேட்கலாம் என்று மட்டுமே அது கூறியது.

தீர்ப்பு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மாநிலச் சட்டமன்றம் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டது. தேர்தல் செலவை ஈடுகட்டும் அளவுக்கு வேறு வருவாய் சங்கத்திடம் இருந்தால், அந்தச் செலவு உறுப்பினரல்லாதவரின் கட்டணத்திலிருந்து செய்யப்பட்டதாகக் கருதப்படாது என்பது திருத்தம். பல வீட்டு நீரை ஒரே தொட்டியில் ஊற்றி ஒரு குடம் மொண்ட பிறகு, அதில் உங்கள் வீட்டு நீர் இல்லை என்று கணக்கேட்டில் எழுதிவைப்பதைப் போன்றது இது. உறுப்பினர் சந்தாவே மிகப் பெரும்பங்காக இருந்த சங்கத்துக்கு இந்த நிபந்தனை ஒரு தடையே அன்று. ஆகவே 2007க்குப் பிந்தைய ஆண்டுகளில் உங்கள் பணம் வேட்பாளருக்குப் போனது என்று சட்டத்தின்முன் நிறுவுவது மிகக் கடினம். சட்டமன்ற ஆதரவு திரட்டல் போன்ற செலவுகளுக்கு உங்கள் பங்கு சென்றிருக்கும். நீங்கள் ஆட்சேபிக்காததால் அது அக்காலச் சட்டப்படி செல்லுபடியாகும்.

அடுத்த பத்தாண்டில் உச்ச நீதிமன்றத்தின் நோக்கே மாறிவந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு சங்கம் தேர்தல் போராட்டத்துக்கென இடையில் கட்டணத்தை உயர்த்திய வழக்கில், 2012இல், அத்தகைய சிறப்பு வசூலுக்குப் புதிய அறிவிப்பும் உறுப்பினரல்லாதவரின் வெளிப்படையான ஒப்புதலும் வேண்டும் என்றது. ஆட்சேபிக்காதவர் ஒப்புக்கொண்டவர் என்ற முறை ஆராய்ந்து ஏற்கப்பட்டதன்று, வரலாற்றின் தற்செயலாக வந்து சேர்ந்தது என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு குறிப்பிட்டது. கலிஃபோர்னிய ஆசிரியர்களின் வழக்கு 2016இல் நான்குக்கு நான்கு என்று சமமாக நின்றுவிட்டது. வாதம் கேட்ட நீதிபதி ஸ்காலியா தீர்ப்புக்கு முன் காலமாகியிருந்தார். இறுதியில் 2018 ஜூன் 27 அன்று, இல்லினாய் மாநில அரசு ஊழியர் மார்க் ஜானஸின் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அபூட் தீர்ப்பே தூக்கியெறியப்பட்டது. அவரிடம் மாதம் 44.58 டாலர் பிடிக்கப்பட்டுவந்தது. ஊழியர் தெளிவாகச் சம்மதித்தாலன்றி எந்தக் கட்டணமும் அவர் ஊதியத்தில் பிடிக்கக் கூடாது என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ. உங்கள் சம்பளச் சீட்டிலிருந்து அந்த வரி அந்தக் கோடையில் மறைந்ததற்குக் காரணம் இதுதான்.

பழைய பணத்தைத் திரும்பப் பெறலாமா என்றால், முடியாது என்பதே என் நேர்மையான பதில். ஜானஸ் தீர்ப்புக்குப் பிறகு இதே கோரிக்கையோடு பலர் வழக்குத் தொடுத்தார்கள். வாஷிங்டன் மாநிலம் அடங்கும் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அன்று செல்லுபடியான சட்டத்தை நம்பி நல்லெண்ணத்தோடு வாங்கிய பணத்தைச் சங்கம் திருப்பித் தர வேண்டியதில்லை என்று 2019இல் தீர்ப்பளித்தது. அதை மறுஆய்வு செய்ய உச்ச நீதிமன்றம் 2021இல் மறுத்துவிட்டது. போதாததற்கு, இத்தகைய வழக்குகளுக்கு இங்குள்ள மூன்றாண்டு காலவரம்பும் கடந்துவிட்டது. திரும்பப் பெற்றுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு யாரேனும் அணுகினால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் மேசைமேல் இருக்கும் படிவத்துக்கு வருகிறேன். இங்குதான் மிகுந்த கவனம் தேவை. ஜானஸ் தந்த பாதுகாப்பு உறுப்பினரல்லாதவருக்கு உரியது. நீங்கள் கையெழுத்திட்ட கணம் சம்மதம் தந்தவராகிவிடுவீர்கள். அதன்பின் உங்களுக்கும் சங்கத்துக்கும் இடையிலான உறவு அந்தப் படிவத்தின் வாசகத்தைப் பொறுத்தது. வாஷிங்டனில் 2019இல் வந்த சட்டப்படி, பிடித்தத்துக்கான அனுமதியைக் காகிதத்தில் மட்டுமின்றி, மின்னணு முறையிலும், பதிவு செய்யப்பட்ட குரலிலும் தரலாம். ஆனால் அதைத் திரும்பப் பெறுவதை எழுத்து மூலமே, படிவத்தில் உள்ள நிபந்தனைகளின்படியே செய்ய வேண்டும். உள்ளே வரும் வாசல் அகலம், வெளியேறும் வாசல் குறுகல். தொலைபேசியில் பேச்சுவாக்கில் ‘சரி’ என்று சொல்லிவிடாதீர்கள். பல படிவங்களில் அனுமதி ஓராண்டுக்கு மாற்ற முடியாதது, ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டுமே விலகலாம் என்ற வரி இருக்கும். அத்தகைய நிபந்தனை செல்லும் என்று அதே ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் 2020இல் கூறிவிட்டது. ஆகையால் அந்த நாட்கள் எவை என்று தேடிப் படியுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகலை, தேதி தெரியும்படி, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியல் செலவைப் பொறுத்தவரை இரண்டு பைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூட்டாட்சித் தேர்தலில், அதாவது குடியரசுத் தலைவர், காங்கிரஸ் வேட்பாளர்களுக்கு, சங்கம் தன் சந்தா நிதியிலிருந்து நேரடியாக நன்கொடை தரச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதற்கென விரும்பியவர் தரும் பணத்தில் இயங்கும் தனி அரசியல் நிதியை வைத்திருப்பார்கள். அதற்கான நன்கொடையைச் சந்தாவிலிருந்து வேறாகக் கேட்க வேண்டும். படிவத்தில் அது தனிப் பெட்டியாகவோ தனித் தாளாகவோ இருக்கும். அதை நிரப்பாமல் விட்டும் நீங்கள் முழு உறுப்பினராகலாம். ஆனால் சந்தாவிலேயே ஒரு பகுதி, மாநிலச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டவும், பொதுவாக்கெடுப்புப் பிரசாரங்களுக்கும், வேட்பாளரோடு கலந்து பேசாமல் சங்கம் தானாகச் செய்யும் தேர்தல் விளம்பரங்களுக்கும் செல்லலாம். உறுப்பினருக்கு அதைத் திரும்பக் கேட்கும் பழைய உறை கிடையாது. சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுவதும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பதுமே அவர் வழி. உங்கள் பள்ளியில் சங்கத்தின் சார்பில் இருக்கும் கட்டிடப் பிரதிநிதியிடம் சென்ற ஆண்டின் செலவுக் கணக்கைக் கேளுங்கள். உறுப்பினராகப் போகும் ஒருவர் அதைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

கடைசியாக, உங்கள் உறுத்தல். சேராமலிருப்பதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. எல்லாருக்குமாகப் பேசும் தனியுரிமையைச் சங்கமே கேட்டுப் பெற்றிருக்கிறது. அதற்கு ஈடாக உறுப்பினரல்லாதவரையும் பாரபட்சமின்றி நடத்தும் கடமையைச் சட்டம் அதன்மேல் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் உங்களுக்கு இடமில்லை. பணி தொடர்பாக வழக்கு வந்தால் உதவும்படி உறுப்பினருக்கென்று சங்கம் தரும் பணிப் பொறுப்புக் காப்பீடும் உங்களுக்கு இல்லை. இந்த இழப்புகளை நீங்கள் ஏற்றுக்கொண்டுதான் வெளியே நிற்கிறீர்கள்.

ஆயினும் நீங்கள் கேட்டதால் என் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். எல்லாருக்கும் பயன்படும் பேரத்தின் செலவை எல்லாரும் பகிர வேண்டும் என்பதில், ஜானஸ் வழக்கில் நீதிபதி எலெனா கேகன் எழுதிய மறுப்புத் தீர்ப்பின் பக்கமே நான் நிற்கிறேன். தேர்தலுக்கான பணத்தைச் சம்மதம் கேட்டே எடுக்க வேண்டும் என்பதிலோ 1992இன் வாஷிங்டன் வாக்காளர்கள் பக்கம் நிற்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றியிருக்க முடியும். முழுச் சந்தாவையும் வாங்கிக்கொண்டு ‘சரி’ என்ற ஒரு சொல்லைக் கேட்கவும் மறுத்த சங்கங்கள், கட்டணத்தையே இழந்தன; வகுப்பறை அளவுக்காகவும் ஊதியத்துக்காகவும் அவை செய்யும் நல்ல வேலைக்கு அதனால் நேர்ந்த பாதிப்பு எனக்கு வருத்தம் தருகிறது.

உங்கள் கோபம் தேர்தல் செலவின்மீது மட்டும்தான் என்றால், அரசியல் நிதிக்கான பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு உறுப்பினராகி, மீதிச் செலவைப் பற்றி உள்ளிருந்தே கேள்வி கேட்கலாம். சந்தாவிலிருந்து ஒரு காசு அரசியலுக்குப் போனாலும் மனம் ஒப்பாது என்றால், இப்போது இருப்பதுபோலவே வெளியே இருக்கலாம். அதற்காக இனி நீங்கள் எந்தக் கடிதமும் எழுத வேண்டியதில்லை. எதைச் செய்வதானாலும் படிவத்தைப் பின்பக்கம் வரை படித்துவிட்டு முடிவெடுங்கள். புரியாத வரி இருந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.